அத்தியாயம் 6: கம்பெனி பஸ் போன பிறகு

ஆம்பூரில் காலை ஏழரை மணிக்குப் பைபாஸ் ஓரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் ஏறுவார்கள். வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கிற எல்லா ஊரிலும் இதே காட்சிதான். பஸ் கிளம்பியதும் தெருவில் பாதி வீடுகளில் பூட்டு தொங்கும். அந்தப் பூட்டுக்குப் பின்னால் இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்று கதவிடுக்கில் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்தால், அதன் பகல் எப்படிப் போகும்? அதை எப்படி நல்ல பகலாக்குவது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கத் தெரிந்து எந்தக் குட்டியும் பிறப்பதில்லை. தாயின் வயிற்றோடு ஒட்டி, ஐந்தாறு கூடப்பிறந்ததுகளோடு ஒரே குவியலாகக் கிடந்த உயிர் அது. அதைத் தூக்கி வந்து இரண்டாம் நாளே பூட்டிய வீட்டில் பத்து மணி நேரம் விட்டால் கத்தும், கதவைப் பிறாண்டும், தரையெல்லாம் நனைக்கும். "குட்டி ரொம்ப சேட்டை" என்று வந்து சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் தனியாக விடுகிறீர்கள், எத்தனை நாள் பழக்கினீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது. நடக்கப் பழக்குவது போல, தட்டில் சாப்பிடப் பழக்குவது போல, தனியாக இருக்கவும் நாம்தான் பழக்க வேண்டும்.

குட்டியின் வயிறும் நம் ஷிஃப்டும்

குட்டிக்குச் சிறுநீரை அடக்கும் சக்தி வயதோடுதான் வரும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் முடியாது. மூன்று மாதத்தில் மூன்று, நான்கு மணி நேரம். நான்கு மாதத்தில் நான்கைந்து. ஆறு மாதம் ஆனபின்தான் ஆறு மணி நேரத்தை நம்பலாம். ஏழரைக்குப் பஸ் ஏறி ஆறு மணிக்கு வீடு திரும்பினால் பத்தரை மணி நேரம். ஓ.டி. இருந்தால் இன்னும் கூடும். இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. சாப்பாட்டுக் கணக்கும் அப்படியே: மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, அதன்பின் ஆறு மாதம் வரை மூன்று வேளை கொடுக்க வேண்டும். காலையில் ஒரு தட்டு நிறைய வைத்துவிட்டுப் போனால் எட்டு மணிக்கே தின்று முடித்துவிட்டு மாலைவரை பசியோடு கிடக்கும். இல்லையென்றால் வெயிலில் சோறு புளித்து வயிற்றைக் கெடுக்கும்.

அதனால் சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கணவன், மனைவி இருவரும் கம்பெனிக்குப் போகிறவர்கள், மத்தியானம் எட்டிப் பார்க்க ஓர் ஆள்கூட இல்லை என்றால் இப்போதைக்குக் குட்டி வாங்க வேண்டாம். ஒரு வயது தாண்டிய, பழகிய நாயை எடுத்து வளருங்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களிலேயே சாதுவான நாட்டு நாய்கள் எத்தனையோ ஒரு வீட்டுக்காகக் காத்துக் கிடக்கின்றன. குட்டிதான் வேண்டும் என்றால், முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்கு மத்தியான ஆளை உறுதி செய்துகொண்டு பிறகு கூட்டி வாருங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. காசு கொடுக்காமல் தெருவில் எடுத்தாலும் இந்தக் கணக்கை விடாதீர்கள். தாயிடமிருந்து முன்கூட்டியே பிரித்த குட்டி தனிமைக்கு இன்னும் அதிகமாகப் பயப்படும்.

மத்தியான ஆள் யார்? எதிர்வீட்டு ஆயா இருக்கலாம், காலேஜ் போய் ஒரு மணிக்குத் திரும்பும் பையன் இருக்கலாம், வீட்டிலேயே அப்பர் தைக்கும் அக்கா இருக்கலாம். இருபது நிமிடம் போதும்: வெளியே விட்டு, சாப்பாடு வைத்து, தண்ணீர் மாற்றி, கொஞ்சம் விளையாடிவிட்டுப் போக வேண்டியதுதான். அவர்களுக்கு மாதம் ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் பத்து நாளில் நின்றுபோகும், கேட்கவும் வாய் வராது. நம் ஊர்களில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நாயின் எச்சில் உடம்பிலோ உடையிலோ பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழ வேண்டும் என்று கடைப்பிடிக்கும் வீடுகள் சுற்றிலும் உண்டு. அவர்களிடம் இந்த உதவியைக் கேட்டு இக்கட்டில் வைக்காதீர்கள். குட்டி அவர்கள் வாசற்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மரியாதை இருந்தால், குட்டி நாலு நாள் கத்தினாலும் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இடம்

வீடு முழுக்கத் திறந்துவிட்டுப் போவதும் தப்பு, வாசல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போவதும் தப்பு. கட்டிப் போட்ட குட்டி தெருவில் போகிற வருகிற எல்லாவற்றையும் பார்க்கும், ஆனால் எதையும் போய் முகர முடியாது, எதையும் விட்டு ஓடவும் முடியாது. ஆறு மாதம் அப்படிப் போனால் ஆளைக் கண்டால் பாயும் நாய்தான் மிஞ்சும். சங்கிலி சுற்றிக் கழுத்து இறுகிச் செத்த குட்டிகளும் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11இல் இது குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது: நியாயமில்லாத அளவுக்குக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாய்க்கு நடமாட்டம் கொடுக்காமல் விடுவதும் குற்றம்.

வேண்டியது அடைத்த ஒரு மூலை. தாழ்வாரமோ பின்கட்டோ எதுவானாலும் சரி, ஒரு கட்டில் அளவு இடம், குறுக்கே கிரில்லோ பழைய பிளைவுட் பலகையோ. ஒரு கோடியில் சாக்கு விரித்த படுக்கை, மறுகோடியில் செய்தித்தாள். குட்டி தன் படுக்கையை நனைக்க விரும்பாது, தானாகவே காகிதத்துக்குப் போகும். தண்ணீரை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தால் மிதித்துக் கவிழ்க்கும்; அடி அகன்ற மண்சட்டியில் வையுங்கள், இரண்டு சட்டியாக வையுங்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதுதான் வழி. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காற்றோட்டம் இல்லாத மூலையில், கரண்ட் போன மத்தியானத்தில் அது போதவே போதாது. இடம் சரியா என்று கண்டுபிடிக்க நான் சொல்லும் சோதனை ஒன்றுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு, குட்டியின் மூலையில் நீங்களே அரை மணி நேரம் தரையில் உட்காருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் குட்டியை அங்கே விடாதீர்கள். மாலையில் வந்து பார்க்கும்போது குட்டி தள்ளாடினாலோ, ஈறு செக்கச்செவேல் என்றிருந்தாலோ, எச்சில் நூலாக ஒழுகினாலோ உடம்பை நனைத்து, ஃபேன் காற்றில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம்.

தோல் வாசம்

வேறு ஊருக்கு எழுதும் புத்தகத்தில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்திருக்கும். நமக்கு அது போதாது.

தனியாகக் கிடக்கும் குட்டி உங்கள் வாசம் எதில் அதிகமோ அதைத் தேடிப் போகும். அது பெரும்பாலும் செருப்பு. நம் வீடுகளில் செருப்பில் மட்டுமா தோல் வாசம்? கையில், யூனிஃபார்மில், பையில், சாக்கில் கட்டி வந்த வெட்டுத் துண்டுகளில் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. குட்டிக்கு உங்கள் வாசமும் தோலின் வாசமும் ஒன்றாகவே பதிந்துவிடுகிறது. அதற்கு மேல், தோல் மெத்தென்று வர ஃபேட் லிக்கர் கொடுக்கிறோமே, அதில் மீன் எண்ணெயும் சேர்வதுண்டு. மூக்கால் உலகத்தைப் படிக்கும் பிராணிக்கு இதைவிட வேறு என்ன ஆசை காட்ட வேண்டும்! நான்கு மாதம் ஆகும்போது பால்பற்கள் 28ம் விழுந்து 42 பற்கள் முளைக்கத் தொடங்கும். ஏழாம் மாதம் வரை ஈறு ஊறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எது கிடைத்தாலும் கடிக்கும்.

இங்கே நாம் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, பிய்ந்த செருப்பைக் குட்டிக்கு விளையாடக் கொடுப்பது. பிய்ந்தது எது, நாளை காலை போட்டுப் போக வேண்டியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் ஒரே வாசம்தான். செருப்பைக் கடிக்க நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்காக அடிப்பது நியாயமில்லை.

செருப்பு போனால் காசோடு போயிற்று. துண்டுத் தோலை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. டேனரியில் வேலை பார்த்தவர்களுக்குக் கொதிநீர்ச் சோதனை தெரியும்: குரோம் தோல் நன்றாகப் பதமாகியிருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. கொதிநீருக்கே அசையாத தோல் குட்டியின் வயிற்றில் எப்படிச் செரிக்கும்? அப்படியே போய்க் குடலில் அடைத்துக்கொள்ளும்.

எனக்கு இது புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. என்னுடைய முதல் குட்டி மணி. சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். கட்டிலுக்கடியில் நான் வைத்திருந்த லைனிங் துண்டு மூட்டையை ஒரு பகலில் அவிழ்த்துவிட்டது. மாலையில் வந்து பொறுக்கிக் கட்டி வைத்தேன், எத்தனை துண்டு குறைகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் வாந்தி. சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மோர் கொடுத்தேன். மூன்றாம் நாள் முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் நின்றது. தொட்டால் முனகியது. வயிற்றைத் திறந்து மருத்துவர் எடுத்த துண்டு என் சுண்டுவிரல் நீளம்தான், மடித்த இடத்தில் ஓரம் வெட்டிய கத்தியின் சாயல்கூட அப்படியே இருந்தது. மணி பிழைத்துக்கொண்டது. அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

வாந்தி நிற்காமல் போனாலோ, சாப்பிடாமலும் வெளிக்குப் போகாமலும் இருந்தாலோ, அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கையால் அப்பர் தைக்கும் வீடுகளில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். மெழுகு நூல் ஒரு முழம் உள்ளே போனால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும். நூல், ஊசி, சொல்யூஷன் டப்பா, எண்ணிக் கொடுக்க வேண்டிய அப்பர் கட்டு எல்லாம் மூடியுள்ள டிரம்முக்குள் போகட்டும். சொல்யூஷன் வாடையே குட்டிக்கு ஆகாது, மூடிய அறையில் அதோடு விடாதீர்கள். டேனரியிலிருந்து பச்சைத் தோல் துண்டு கொண்டுவந்து போடுகிறவர்களும் உண்டு. அதில் உப்பு இருக்கிறது, சுண்ணாம்பும் சல்ஃபைடும் இருக்கலாம். வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் முடிச்சுப் போட்ட தோல் எலும்பு சாயமோ குரோமோ ஏறாத உள்தோல்தான். ஆனாலும் ஊறிப்போனால் வழுக்கித் தொண்டையில் சிக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

செருப்பையும் கம்பெனி ஷூவையும் குட்டிக்கு எட்டாமல் வெளியிலேயே கழற்றிவிடுங்கள். கடிபடாமல் தப்பும் என்பதோடு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குட்டிகளை ரத்த பேதியில் கொண்டுபோகும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, ஷூ அடியில் ஒட்டி வீட்டுக்குள் வரும். ஆறு முதல் எட்டாவது வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி: இந்த வரிசை முடியும்வரை ஷூ படிக்கு வெளியேதான்.

பழக்குவது

குட்டி வந்த அன்றைக்கே தொடங்குங்கள். லீவு எடுக்க முடிந்தால் ஒரு வாரம் எடுங்கள். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் காலை, மாலை நேரங்களும் இருக்கின்றன.

முதலில் அந்த மூலை நல்ல இடம் என்று குட்டிக்குப் படவேண்டும். சாப்பாட்டை அங்கேதான் வையுங்கள், தூங்கிப்போனால் தூக்கிக்கொண்டுபோய் அங்கே விடுங்கள். இரண்டு நாள் கழித்து, குட்டி வயிறு நிறைந்து, ஒன்றுக்குப் போய்வந்து, விளையாடிக் களைத்திருக்கும்போது பலகையைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். பத்து எண்ணுங்கள், திரும்பி வாருங்கள். பேசவேண்டாம், தூக்கவேண்டாம். பிறகு முப்பது எண்ணிக்கை, பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். கத்தத் தொடங்கும் முன்பே திரும்பிவிடுவதுதான் இதில் சூட்சுமம். கத்தினபின் வந்தால் "கத்தினால் வருவார்கள்" என்று கற்றுக்கொள்ளும். கத்தவிட்டு அழிச்சாட்டியத்தை அடக்குகிறேன் என்று ஒரு மணி நேரம் விட்டால் அந்த மூலையே பயமாகிப்போகும். கத்திவிட்டதா? அடுத்த தடவை நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். நேரம் ஏறிக்கொண்டே போகவேண்டும் என்றும் இல்லை. ஐந்து நிமிடம், இரண்டு, எட்டு, மூன்று என்று மாற்றி மாற்றி வந்தால் குட்டி எண்ணிக்கொண்டு காத்திருக்காது.

கிளம்புகிற சடங்கையும் உடைக்கவேண்டும். நாம் யூனிஃபார்ம் போடுவதும், ஐடி கார்டை மாட்டுவதும், சாவி சத்தமும் அதற்கு நன்றாகத் தெரியும். அந்தச் சத்தத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். அதனால் சாவியை எடுத்துக்கொண்டு போய் டீ போடுங்கள். ஐடி கார்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து நாலு பேச்சுப் பேசுங்கள். நாளுக்கு ஐந்தாறு தடவை இப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் சாவி வெறும் சாவியாகிவிடும். பஸ் பிடிக்கும் அவசரத்தில் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சி, "அம்மா போய்ட்டு வந்துடறேன்டா" என்று கண்ணீரோடு விடைபெறுவதையும் விட்டுவிடுங்கள். ஆசையில்தான் செய்கிறோம், ஆனால் ஏதோ பெரிய கெடுதல் நடக்கப்போகிறது என்றுதான் அதற்குப் படும்.

கம்பெனிக்குப் போகும் காலையில் கால் மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள். வீட்டு முற்றத்தில் ஓடவிட்டு, ஒன்றுக்கு இரண்டுக்குப் போகவிட்டு, கிளம்பும்போது வேலை ஒன்று கொடுத்துவிட்டுப் போங்கள். கேழ்வரகுக் களி நம் வீடுகளில் எப்போதும் இருக்கும். உப்புக் குறைத்து, கொஞ்சம் முட்டை சேர்த்து, ஓட்டையுள்ள கெட்டி ரப்பர் பொம்மைக்குள் அடைத்து, ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் அதை நக்கி நக்கித் தின்ன அரைமணி நேரம் ஆகும், களைத்துத் தூங்கிவிடும். பழைய கோணியில் பொரியைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தாலும் மோந்து மோந்து தேடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் எலும்பு மட்டும் வேண்டாம்: வெந்த எலும்பு கூராக உடைந்து குத்தும். மசாலாவில் இருக்கும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது.

குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் பிராணி. முதல் அரைமணி நேரத்தை நல்லபடியாகக் கடத்திவிட்டால் அதற்குப்பின் தூக்கம்தான்.

திரும்பி வரும்போது

கதவைத் திறந்ததும் தலையணைப் பஞ்சு வீடெல்லாம் பறக்கிறது, குட்டி காதை மடக்கிக்கொண்டு தரையோடு ஒட்டி வருகிறது. "பாரு, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது" என்போம். தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். அந்தக் குற்றமுள்ள பார்வை, நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. எசமானர் திட்டும்போது வந்தது. ஒன்றுமே செய்யாத நாயும் திட்டு வாங்கும்போது அதே முகத்தோடு நின்றது. காலை பத்து மணிக்குக் கிழித்ததற்கு மாலை ஆறு மணிக்கு அடித்தால், நீங்கள் வீடு திரும்புவதே ஆபத்து என்றுதான் அதற்குப் பதியும். மறுநாள் தனிமைப் பயத்தோடு இந்தப் பயமும் சேர்ந்துகொள்ளும். பேசாமல் பெருக்கித் தள்ளுங்கள். எது எட்டும் உயரத்தில் இருந்தது என்று பாருங்கள்.

சேட்டை வேறு, பயம் வேறு. பழைய போன் ஒன்றை அலமாரியில் வைத்து வீடியோ ஓடவிட்டுப் போனால் இரண்டும் பிரிந்து தெரியும். சலிப்பில் கடிக்கும் குட்டி கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து, வாலாட்டிக்கொண்டே வேலையை ஆரம்பிக்கும். அதற்கு விளையாட்டும் கடிக்கப் பொருளும் கூட்டினால் போதும். பயந்த குட்டி நீங்கள் படியிறங்கிய உடனே கத்தும், கதவையும் ஜன்னலையும் மட்டுமே பிறாண்டும், எச்சில் ஒழுகும், வைத்த களியைத் தொடாது. நீங்கள் திரும்பி வந்தபின்தான் அதை நக்கத் தொடங்கும். அப்படி இருந்தால் பழக்குவதை முதலிலிருந்து, நொடிக்கணக்கில் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவையே காட்டுங்கள். தேவையென்றால் அவர் மருந்து தருவார். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

நம் பக்கத்தில் நிறையப் பேர் ஏமாறுவது மே மாதத்தில். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் அடம் பிடித்துக் குட்டி வாங்குவார்கள். ஒரு மாதம் முழுக்க மடியிலேயே வளரும். ஜூனில் பள்ளி திறந்த திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்குமேல் வீட்டில் ஒருத்தரும் இல்லை. மூன்று மாதம் ஆகிவிட்ட குட்டி, ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததில்லை. அன்று மத்தியானமே பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணுவார். மே மாதத்தில் குட்டி வந்தால் பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுங்கள்: தினம் இரண்டு வேளை, குட்டியை மூலையில் விட்டு, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்குப் போய் விளையாடிவிட்டு வரவேண்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம், இரண்டாம் வாரம் கால் மணி, லீவு முடிவதற்குள் ஒன்றரை மணி நேரம். எத்தனை நிமிடம் கத்தாமல் இருந்தது என்று சுவர்க் காலண்டரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். பள்ளி திறந்த முதல் வாரம் மத்தியான ஆளை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக வரச்சொல்லிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.